இலாபம் குறைந்தால் முதலில் கேட்க வேண்டியது யாது?

இலாபம் குறைந்துவிட்டது என்று பொதுக்குழுவில் கணக்கு வாசித்தவுடன், "கூலியைக் குறையுங்கள்" என்று ஒருவரும், "விற்பனை போதாது" என்று மற்றொருவரும் எழுந்து உரைப்பதை ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் நாம் கண்டிருக்கிறோம். நோயை அறியுமுன் மருந்து கொடுப்பதை ஒத்தது இது. மருந்து தவறினால், துன்புறுவது தறியில் அமர்ந்திருப்பவரே.

வினாவைப் பகுத்துப் பார்த்தலே தக்க வழி. பகுத்தலின் பயனை நம் உத்திரமேரூரார் நன்கு அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-இல் பொறித்த கல்வெட்டின்படி, குடவோலையால் தெரிந்தெடுத்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் உரியவராயினர். வேலை இன்னாருடையது என்று தெரிந்தால், குறையை எங்கே தேடுவது என்பதும் தெரியும்.

கணக்கிற்கும் இதுவே முறை. பகுதிகள் ஒன்றிலொன்று கலத்தலாகாது. எதுவும் விடுபடுதலும் ஆகாது. இலாபமாவது வரவிலிருந்து செலவு போக நிற்பது. வரவை, விற்ற எண்ணிக்கை என்றும், தள்ளுபடி போக வந்த விலை என்றும் பகுக்கலாம். செலவை மூன்றாக்கலாம்: சேலைதோறும் ஏறும் பட்டு, சரிகை, கூலி, நெய்தாலும் நெய்யாவிடினும் நிற்கும் வாடகை, சம்பளம், கடனுக்குச் செலுத்தும் வட்டி.

எடுத்துக்காட்டாக, ஒரு சங்கத்தின் இலாபம் ஓராண்டில் ரூ.1,80,000 குறைந்தது எனக் கொள்வோம். இரண்டு ஆண்டுகளிலும் விற்றவை 1,000 சேலைகள், விலையிலும் மாற்றமில்லை. பட்டு, சரிகை, கூலி, வாடகை, சம்பளம் யாவும் முன்போலவே உள்ளன. எஞ்சுவது வட்டி ஒன்றே. இருப்பேட்டைப் புரட்டினால், சேலை ஒன்றுக்கு ரூ.9,000 அடக்கமான 200 சேலைகள் ஆண்டு முழுவதும் கூடுதலாகத் தேங்கியிருந்தமை தெரிகிறது. முடங்கிய பணம் ரூ.18 இலட்சம்; நூற்றுக்குப் பத்து வீதம் வட்டி ரூ.1,80,000. ஆகவே கூலியைக் குறைப்பதால் நோய் தீராது. தேங்கிய வகைகளை நிறுத்தி, விற்கும் வகைகளை நெய்தலே மருந்தாகும்.

பெருநிறுவனங்களுக்கு ஆலோசனை கூறும் நிலையங்கள், வேலை நாடி வரும் பட்டதாரிகளிடம் இத்தகைய வினாக்களையே தொடுக்கின்றன. விடையை மட்டுமன்றி, வினாவைப் பகுத்த முறையையும் அங்கே எடை போடுகின்றனர். அவர்களுக்கு அது தேர்வு. நமக்கோ அது வாழ்க்கை.

உழவர்க்கும் இது பொருந்தும். நெல் வருமானம் குறைந்ததாயின், பயிரிட்ட ஏக்கர் குறைந்ததா, ஏக்கருக்கு விளைவு குறைந்ததா, மூட்டைக்கு விலை குறைந்ததா எனத் தனித்தனியே கேட்டல் வேண்டும். ஏரியில் நீரின்றிப் பயிரிடாமல் விட்ட நிலத்தால் வந்த குறைக்கு உரத்தைக் கூட்டுவதால் பயனில்லை.

அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள், "என்ன செய்யலாம்?" என்று கேட்பதற்கு முன், "எந்தப் பகுதியில் குறை?" என்று கேட்பார்களாக. இரண்டு ஆண்டுக் கணக்கையும் அருகருகே வைத்துக் காட்டுமாறு நிர்வாகக் குழுவினரைக் கோருதல் உறுப்பினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.