தூண்டில் செடியில் சிக்குதா? ஜிக்குக்குப் போடுங்க ஒரு ‘வீட் கார்டு’!

அமெரிக்காவில் லார்ஜ்மவுத் பாஸ் மீன் பிடிக்கிற வீடியோக்கள் உங்கள் ஃபீடில் வந்திருக்கா? தண்ணீரே தெரியாத அளவுக்குச் செடி மண்டிக் கிடக்கும். அதுக்குள்ளே ஒரு ஜிக்கைத் தூக்கிப் போடுவார்கள். அது எதிலும் மாட்டாமல் துள்ளித் துள்ளித் திரும்பி வரும். அல்லி இலைகளுக்கு நடுவே ஒருமுறை தூண்டில் போட்டு இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று!

ரகசியம் ரொம்பச் சின்னது. முள்ளின் நுனிக்கு முன்னால் காவலுக்கு நிற்கும் ஒரு கொத்து நைலான் இழை. அதன் பெயர்தான் ‘வீட் கார்டு’.

பாஸ் ஏன் செடிக்குள்ளேயே இருக்கு?

பாஸ் துரத்தி வேட்டையாடுவதைவிடப் பதுங்கியிருந்து பாய்வதையே விரும்பும் மீன். நீர்ச்செடி, மூழ்கிய மரக்கிளை, படகுத்துறையின் நிழல் என மறைவு எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கும். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் சுமார் 10 கிலோ. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதே அளவுக்கு ஒன்றைப் பிடிக்கும்வரை, 77 வருஷம் அந்தச் சாதனையை யாரும் சமன் செய்யவில்லை. அப்படிப்பட்ட மீன் வேணும்னா, முள் சிக்கும் இடத்துக்குப் போய்த்தான் ஆகணும்.

ஜிக்கில் என்னென்ன இருக்கு?

முள்ளின் தலைப்பகுதியில் வார்த்த ஈயக் குண்டு. அதைச் சுற்றி ரப்பர் அல்லது சிலிக்கான் இழைகளால் ஒரு பாவாடை. பின்னால் நண்டு, இறால் மாதிரி ஒரு ரப்பர் வால். தண்ணீருக்குள் முள்ளின் நுனி மேல்நோக்கி இருக்கும். இதனால் தரையில் சிக்குவது குறையும். ஆனால், மேலே இருக்கும் கிளையும் கொடியும் நுனியில் மாட்டுமே? அதைத் தடுக்கத்தான் கார்டு. அதிகம் பயன்படுவது நைலான் இழைக் கொத்து. ‘Y’ வடிவ பிளாஸ்டிக், மெல்லிய கம்பி வகைகளும் உண்டு.

கார்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. செடி உரசினால் வளையக் கூடாது. மீன் கவ்வினால் வளைந்தே ஆகணும்! ரொம்ப விறைப்பாக இருந்தால் மீன் கடித்தும் முள் ஏறாது. ரொம்பத் தளர்வாக இருந்தால் ஜிக்கே போய்விடும். கடையில் வாங்கும் ஜிக் எல்லா இடத்துக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. நீங்களே செய்தால், உங்கள் தண்ணீருக்கும் உங்கள் ராடுக்கும் ஏற்ற மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

எந்த வரிசையில் செய்யணும்?

1. வார்க்கும்போதே அச்சில் ஒரு டெஃப்லான் ஊசியை வைத்துவிடுவார்கள். ஈயம் ஆறியதும் ஊசி இருந்த இடத்தில் கார்டுக்கான துளை கிடைக்கும். பொதுவான அளவு 1/8 அங்குலம், அதாவது சுமார் 3 மி.மீ.

2. அடுத்து பெயின்ட். பவுடர் பெயின்ட்டைச் சுமார் 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் இறுக வைப்பார்கள். கார்டை முதலிலேயே ஒட்டிவிட்டால் அந்தச் சூட்டில் இழைகள் உருக்குலைந்துவிடும். அதனால் பெயின்ட் முதலில், கார்டு கடைசியில். இதை மட்டும் மாத்தாதீங்க.

3. துளையில் பெயின்ட் அடைத்திருந்தால் சுத்தம் செய்துவிட்டு, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ அல்லது எபாக்ஸி வையுங்கள். இழைக் கொத்தின் ஒட்டிய முனையை உள்ளே செருகி, நன்றாகக் காயவிடுங்கள்.

கத்தரிக்கோலில்தான் விஷயமே இருக்கு

ஒட்டியதோடு வேலை முடியவில்லை. முதலில் நீளம். இழைகள் முள்ளின் நுனியைத் தாண்டி 3 முதல் 5 மி.மீ. நீண்டால் போதும். அதற்கு மேல் இருப்பதை வெட்டிவிடுங்கள்.

அடுத்து, கொத்தை இரண்டாகப் பிரித்து இடமும் வலமும் விசிறி மாதிரி விரியுங்கள். பக்கவாட்டில் வரும் குச்சியும் வழுக்கிக்கொண்டு போகும். புது கார்டை விரலால் சில தடவை முன்னும் பின்னும் வளைத்தால் விறைப்பு கொஞ்சம் குறையும்.

கடைசியாக அடர்த்தி. இழைகளை விரல் நுனியால் மெதுவாக அழுத்துங்கள். லேசான அழுத்தத்திலேயே முள் தட்டுப்பட்டால் சரி. நன்றாக அழுத்தியும் தட்டுப்படவில்லையா? சில இழைகளை அடியோடு வெட்டிக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று மட்டும்... வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாதே! பிறகு ஒரு தொட்டிச் செடியின் கிளைகளுக்குள் ஜிக்கை இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் பாஸ்!

இடத்தைப் பொறுத்தும் இது மாறும். மரக்கிளைகள் நிறைந்த இடமென்றால் அடர்த்தியான கார்டு, விறைப்பான ராடு, பலமான நரம்பு. திறந்த தண்ணீர், மெல்லிய நரம்பு என்றால் ஒல்லியான கார்டு போதும். மெல்லிய நரம்போடு அடர்த்தியான கார்டைச் சேர்த்தால், எவ்வளவு வேகமாக இழுத்தாலும் முள் ஏறாது.

ஈயத்தோடு விளையாடாதீங்க

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால்கூட அது சட்டென நீராவியாகி, ஈயத்தை நாலாபக்கமும் தெறிக்கவைக்கும். உடலில் சேரும் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதனால் சமையலறையும் சமையல் பாத்திரமும் இதற்குக் கூடவே கூடாது.

தண்ணீரில் அறுந்து விழும் ஜிக்கும் சும்மா இருக்காது. லூன் என்ற நீர்ப்பறவை அதை விழுங்கி இறப்பதால், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் போன்ற மாநிலங்களில் சிறிய ஈய ஜிக்குகளுக்குத் தடையே இருக்கிறது. ஆக, நல்ல கார்டு உங்கள் காசை மட்டுமில்லை, ஒரு பறவையையும் காப்பாற்றலாம்.

ஈயமே வேண்டாமா? டங்ஸ்டன் அல்லது பிஸ்மத் தலை ஜிக் வாங்குங்கள். தடிமனான நைலான் நரம்பில் ஒரு சிறு துண்டை எடுத்து, முள்ளின் கண்ணுக்குப் பக்கத்தில் நூலால் இறுகச் சுற்றி, ஒரு சொட்டு க்ளூ வையுங்கள். மறுமுனை நுனியைத் தாண்டி நிற்கணும். அடுப்பே இல்லாமல் கார்டு ரெடி.

நம்ம ஊர்ல இதுக்கு என்ன வேலை?

ஆகாயத்தாமரைக்கு அடியில் பதுங்கும் நம்ம விராலும் பாஸ் மாதிரிதான். விராலுக்குப் போடும் ரப்பர் தவளையைத் திருப்பிப் பாருங்கள். முட்கள் உடம்போடு ஒட்டி இருக்கும். மீன் கவ்வினால் உடம்பு அமுங்கி, முள் வெளியே வரும். அங்கே தவளையின் உடம்பே வீட் கார்டு. சோதனையும் அதேதான்: விரலால் அழுத்தினால் முள் தட்டுப்படணும். தட்டுப்படலைன்னா, விரால் கவ்விட்டு ‘டாட்டா’ காட்டிட்டுப் போயிடும்!