பிக்கப்புக்கு இன்னொரு தாங்கி: முதலில் சுமையை எண்ணுவோம்



மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். ஐவர் விளக்கோடு மேலதிக எண்ணெயும் கொண்டு போனார்கள். மற்ற ஐவர் விளக்கை மட்டும் கொண்டு போனார்கள். நள்ளிரவில் விளக்குகள் அணையத் தொடங்கிய பின்னரே தமது பிழையை உணர்ந்தார்கள். எரிபொருளின் அருமையை எம்மவர்களுக்கு யாரும் உவமை சொல்லிக் கற்பிக்க வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கிலே சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாம். 2022இல் எரிபொருள் நிரப்பு நிலைய வாசலில் இரவு பகலாக வரிசையில் படுத்திருந்தவர்களும் நாமே. ஆகவே "மேலதிகமாகக் கொஞ்சம் வைத்திருப்போம்" என்ற எண்ணம் எமக்கு இயல்பாகவே வருகிறது. அது நல்ல எண்ணம். ஆனால் எதில் வைப்பது, எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது என்பதிலேதான் உயிரும் உடைமையும் தங்கியிருக்கின்றன.

ஒரு பறலும் ஒரு கூட்டமும்

எமது விவசாயிகள் குழுவில் உள்ள குடும்பங்கள் மாற்றுக் காணியில் குடியிருக்கின்றன. வயல்களோ 45 கிலோமீற்றருக்கு அப்பால், பழைய ஊரில் இருக்கின்றன. குழுவுக்குப் பொதுவாக ஒரு பழைய டீசல் பிக்கப் உண்டு. அதற்குப் பின்னால் பெட்டியைக் கொழுவி நெல்லையும் வைக்கோலையும் ஏற்றி வருகிறோம். அண்மையில் அறுவடை தொடங்க முன்னர் நடந்த கூட்டத்தில், வாகனம் ஓட்டும் தம்பி எழுந்து ஒரு யோசனை சொன்னார்.

"பாதர், போன முறை ரெண்டு தரம் டீசல் முடிஞ்சு நடுவழியிலை நிண்டனாங்கள். மழை வேறை. 200 லீற்றர் பறல் ஒண்டு என்ர மாமா வீட்டிலை சும்மா கிடக்கு. அதைப் பின்னாலை வைச்சு ஒட்டிப் போட்டா இனிப் பிரச்சினை இல்லை."

பலரும் தலையாட்டினார்கள். ஒரு மூதாட்டி மட்டும் கேட்டார்: "சுவாமி, அது பாரம் இல்லையோ? நெல்லை எங்கை ஏத்திறது?"

அன்றைய கூட்டத்தின் மிகச் சிறந்த கேள்வி அதுதான். நாம் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை நீங்களும் உங்கள் வாகனத்துக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதற் கணக்கு: எவ்வளவு தேவை?

எமது வண்டி வெறும் பெட்டியுடன் ஒரு லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடுகிறது. நெல் ஏற்றிய பெட்டியுடன் 6 கிலோமீற்றர்தான் ஓடும். தாங்கியை முழுதாக நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பி அளந்து பெற்ற எண்கள் இவை. பெட்டியை இழுக்கும்போது செலவு இவ்வாறு கூடுவது வழமை. உங்கள் வண்டியின் எண்களை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

போக 45 கிலோமீற்றருக்கு 5 லீற்றர். பாரத்தோடு திரும்ப 45 கிலோமீற்றருக்கு ஏழரை லீற்றர். ஒரு பயணத்துக்கு மொத்தம் பன்னிரண்டரை லீற்றர். நாளுக்கு இரண்டு பயணமாக நான்கு நாள் அறுவடைக்கு 8 பயணங்கள். அதற்கு 100 லீற்றர் வேண்டும். வண்டியின் தாங்கி 65 லீற்றர் கொள்ளும். அடியில் 15 லீற்றரை அவசரத்துக்கு விட்டால் 50 லீற்றர் பயன்படும். அப்படியானால் எமது குறை 50 லீற்றர் மாத்திரமே. 200 லீற்றர் பறல் எமது தேவையை விட நான்கு மடங்கு பெரியது!

இந்த இடத்தில் சில குழுக்கள் தமக்குப் புதிய தாங்கியே தேவையில்லை என்று காணக்கூடும். ரயர்களுக்குச் சரியான காற்று அடித்து, அடைபட்ட காற்று வடிகட்டியை மாற்றி, வேகத்தைக் குறைத்து, வெறும் பெட்டியோடு ஓடும் பயணங்களைச் சேர்த்துச் செய்தாலே கணிசமான டீசல் மிஞ்சும். வரும் வழியில் நிரப்பு நிலையம் இருந்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்புவதே மலிவான வழி.

இரண்டாங் கணக்கு: எவ்வளவு பாரம்?

ஒரு லீற்றர் டீசல் ஏறத்தாழ 840 கிராம் நிறையுள்ளது. 200 லீற்றர் என்றால் 168 கிலோ. பறலின் நிறையையும் சேர்த்தால் 190 கிலோ அளவில் வரும். அது ஏறக்குறைய மூன்று நெல் மூடை. 50 லீற்றர் என்றால் 42 கிலோ. தாங்கியும் பிடிகளும் சேர்ந்து 60 கிலோவுக்குள் அடங்கும். அது ஒரு மூடை.

இனி, பெட்டியை இழுக்கும் வண்டிக்கு மறைவான ஒரு பாரம் உண்டு. பெட்டியின் மொத்த நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரை கொழுக்கியின் மேல் இறங்குகிறது. பெட்டியும் நெல்லும் 1,200 கிலோ என்றால், கொழுக்கியில் 120 முதல் 170 கிலோ வரை விழும். அது பின் சில்லுகளுக்கும் பின்னால் தொங்குகின்ற பாரம். துலாவில் ஒருபுறம் ஏறி நின்றால் மறுபுறம் எழும்புவதைப் போல, அது வண்டியின் முன்பக்கத்தைத் தூக்குகிறது. முன் சில்லுகள் நிலத்தைச் சரியாகப் பற்றாவிட்டால் திருப்பவும் முடியாது, பிறேக்கும் குறைவாகவே பிடிக்கும்.

உதாரணமாக, வண்டியின் புத்தகத்தில் அது தாங்கக்கூடிய பாரம் 800 கிலோ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே ஐந்து பேர் 300 கிலோ. கொழுக்கியில் 150. மேலதிகச் சில்லு, ஜக், கயிறு, தண்ணீர்க் கான் எல்லாம் 100. மிச்சம் 250 கிலோ. பறலை வைத்தால் 60 கிலோ மிஞ்சும். அதாவது பின்தட்டில் ஒரு மூடையே ஏற்றலாம். சிறிய தாங்கியை வைத்தால் 190 கிலோ மிஞ்சும். மூன்று மூடை ஏற்றலாம். மூதாட்டியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

வெறும் பறல் ஒரு குண்டு

கூட்டத்தில் எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பறலில் முன்பு என்ன இருந்தது? விசாரித்தபோது பெற்றோல் என்று தெரியவந்தது. அதை வெட்டி ஒட்டுவதற்குக் கராஜில் நாளும் குறித்திருந்தார்கள். அதைக் கேட்டபோது என் நெஞ்சு நடுங்கியது.

பெற்றோல் நிறைந்த பறலை விட, பெற்றோல் இருந்து காலியான பறலே ஆபத்தானது. நிறைந்த பறலில் தீப்பிடிக்கக் காற்று இல்லை. காலிப் பறலிலோ ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. வெல்டிங் பொறி ஒன்று பட்டால் போதும், அது வெடிக்கும். தண்ணீரால் அலசினால் போதும் என்று நம்பாதீர்கள். மடிப்புகளிலும் துருவிலும் எண்ணெய் ஒட்டியிருந்து, சூடு பட்டதும் மீண்டும் ஆவியாகும். டீசல் இருந்த பறலும் வெல்டிங் சூட்டில் இதே போன்று வெடிக்கும். எரிபொருள் இருந்த எந்தப் பறலையும் வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். புதிய தகட்டில் செய்த தாங்கியை அல்லது வாகனத்துக்கென்றே செய்த தாங்கியை வாங்குங்கள்.

பெற்றோலையும் டீசலையும் ஒன்றாக எண்ணுவதும் தவறு. பெற்றோல் பனிக்கட்டி உறையும் குளிரிலுங்கூடத் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றை விடப் பாரமானது. நிலத்தோடு ஊர்ந்து அடுப்படி வரை போகும். டீசல் 50 பாகைக்கு மேல் சூடேறினாலே அத்தகைய ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கு 40 பாகை அளவே போதும். எமது நண்பகல் வெயிலில் கிடக்கும் இரும்புத் தட்டு அந்தச் சூட்டை எளிதில் அடைந்துவிடும். ஆகவே மேலதிகத் தாங்கி டீசலுக்கு மட்டுமே. பெற்றோலைப் பின்தட்டில் கொண்டு திரிய வேண்டாம். டீசலில் பெற்றோலைக் கலக்கவும் வேண்டாம். 2022இல் வீட்டுக்குள் சேமித்து வைத்த பெற்றோல் தீப்பற்றிய செய்திகளை நாம் வாசித்தோம். ஓலைக் குடிசையில் வாழும் குடும்பத்துக்கு அந்தச் செய்தி ஓர் எச்சரிக்கை.

தாங்கி எப்படி இருக்க வேண்டும்?

எமது குழு இறுதியில் 50 லீற்றர் தாங்கி ஒன்றைப் பொருத்தத் தீர்மானித்தது. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவருடன் பேசி நாம் கடைப்பிடித்த விதிகள் இவை:

1. நாகம் பூசிய தகடு வேண்டாம். தண்ணீருக்கு நல்லதென்று நாம் நம்பும் அந்தத் தகட்டின் பூச்சு டீசலில் கரைந்து, இயந்திரத்தின் வடிகட்டியையும் எரிபொருள் விசிறும் மூக்குகளையும் அடைக்கும். செப்புக் குழாயும் டீசலைக் கெடுக்கும். பூச்சில்லாத உருக்கு, அலுமினியம், அல்லது வாகனத் தாங்கிக்கான கனத்த பிளாஸ்ரிக் நல்லது.

2. ஆசனப் பகுதிக்கு உடனே பின்னால், பின் அச்சுக்கு முன்னால், தாழ்வாக வையுங்கள். பின்கதவு ஓரம் வைத்தால் கொழுக்கியின் பாரத்தோடு அதுவும் சேர்ந்துவிடும்.

3. கயிற்றால் கட்டாதீர்கள். அடிச்சட்டத்தோடு ஆணி முறுக்கி, இடையே றப்பர் வைத்துப் பூட்டுங்கள். திடீரென்று பிறேக் பிடிக்கும்போது 60 கிலோ இரும்பு முன்னோக்கிப் பாயும்.

4. உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடு இருக்க வேண்டும். இல்லையெனில் அரைவாசி டீசல் வளைவுகளில் அலைமோதி வண்டியை உலுப்பும்.

5. மூச்சுக் குழாய் அவசியம். டீசல் குறையும்போது காற்று உள்ளே வர வேண்டும். சூடேறும்போது வெளியேற வேண்டும். 100 லீற்றர் டீசல் 20 பாகை சூடேறினால் ஒன்றரை லீற்றருக்கு மேல் விரியும். ஆகவே விளிம்பு வரை நிரப்பாமல் இருபதில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள்.

6. அடியில் ஒரு வடிகால் திருகு வையுங்கள். இரவுக் குளிரில் உள்ளே வியர்க்கும் தண்ணீர் அடியில் தேங்கும். அதை இடைக்கிடை ஒரு போத்தலில் வடித்தெடுங்கள். நிலத்தில் ஊற்ற வேண்டாம். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமையால் மக்கள் பட்ட பாட்டை மறந்துவிடலாகாது.

இயந்திரத்தோடு இணைப்பதா?

இதிலே பலர் தவறு விடுகிறார்கள். டீசல் இயந்திரம் தாங்கியிலிருந்து இழுக்கும் எண்ணெய் முழுவதையும் எரிப்பதில்லை. ஒரு பகுதியைத் திரும்பத் தாங்கிக்கே அனுப்புகிறது. புதிய தாங்கியிலிருந்து இழுக்கும் குழாயை மட்டும் மாற்றி, திரும்பும் குழாயைப் பழைய தாங்கியிலேயே விட்டால், பழைய தாங்கி நிரம்பி வீதியில் வழியும். உயரத்தில் உள்ள தாங்கியிலிருந்து குழாயைத் திறந்து விட்டு மறந்தாலும் அதே கதிதான்.

எனவே இயந்திரத்தோடு இணைக்காமல் விடுவதே எமக்குப் பொருத்தமானது என்று தீர்மானித்தோம். வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கைப் பம்பினால் வடிகட்டி ஊடாகப் பழைய தாங்கிக்கு மாற்றுகிறோம். பத்து நிமிட வேலை. பக்கத்தில் பீடியோ அடுப்போ இருக்கக் கூடாது. சிறுவர்கள் தூரத்தில் நிற்க வேண்டும். கானில் நிரப்ப நேர்ந்தால், கானைப் பின்தட்டில் வைத்து நிரப்பாமல் நிலத்தில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும். பின்தட்டில் வைத்தால், உராய்வினால் உண்டாகும் மின்பொறி நிலத்துக்கு இறங்க வழியில்லாமல் தீயை மூட்டலாம். தாங்கி உள்ள பின்தட்டில் எவரும் ஏறிப் பயணம் செய்வதில்லை என்பதும் எமது விதி.

வாகனத்தின் அமைப்பில் மாற்றம் செய்ய முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பின் கேட்பதால் பயனில்லை.

பொதுச் சொத்து, பொதுக் கணக்கு

இறுதியாக ஒரு வார்த்தை. தாங்கியின் மூடிக்கு ஒரு பூட்டுப் போட்டோம். திறப்பு சாரதியிடம், கொப்பி குழுவின் பொருளாளரான ஒரு தாயிடம். எத்தனை லீற்றர் நிரப்பியது, யாருடைய நெல்லுக்கு எத்தனை லீற்றர் போனது என்று இருவரும் ஒப்பமிடுகிறார்கள். டீசல் தட்டுப்பாட்டை விட, "யார் எடுத்தது?" என்ற சந்தேகமே எமது பல குழுக்களை உடைத்திருக்கிறது. அடிக்கடி இடம்பெயர்ந்து, உறவினரையும் அயலவரையும் இழந்த எமக்கு, ஒருவரையொருவர் நம்புவதற்கு இப்படியான சிறிய ஒழுங்குகள் உதவுகின்றன.

அந்தப் பறல் இப்போது தம்பியின் மாமா வீட்டு வளவில், குடிசையிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தொலைவில், எவரும் வெட்டாமல் கிடக்கிறது. நான்கு நாள் அறுவடை வழியில் நிற்காமல் முடிந்தது.

உவமையில் வந்த விவேகமுள்ள கன்னியரும் பீப்பாயைச் சுமந்து போகவில்லை. அந்த இரவுக்குத் தேவையான அளவை ஒரு பாத்திரத்தில் கொண்டு போனார்கள். நாமும் எமது தேவையை அளந்து, அதற்கேற்ற பாத்திரத்தைத் தேடுவோம்.