பாலாறு வழக்கு: உத்தரவு போட்டால் மட்டும் போதுமா?

"பார்க்கலாம், நோட்டீஸ் அனுப்பியிருக்கோம்." பொறுப்பில் இருப்பவர்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் பதில் இது. வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை மக்கள் இதைப் பல வருஷமாகக் கேட்டவர்கள்.

என்ன நடந்தது?

டேனரி கழிவுநீர் பாலாற்றில் கலந்தது, கிணறுகள் கெட்டன. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதாக ஓர் ஆய்வு சொன்னது. சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சொல்லி ஏறக்குறைய 10 ஆண்டுகள் அரசு வலியுறுத்தியது, மானியமும் தரப்பட்டது. பெரிய முன்னேற்றம் இல்லை. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது.

தீர்ப்பு என்ன சொன்னது?

1996 ஆகஸ்ட் 28. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருவதை ஒப்புக்கொண்டது. ஆனால், 'முழு அறிவியல் ஆதாரம் வரட்டும்' என்று தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது.

அத்தோடு நிற்கவில்லை. செப்டம்பர் 30-க்குள் இழப்பீட்டை மதிப்பிட ஆணையம். அக்டோபர் 31-க்குள் ஒவ்வொரு டேனரியும் கலெக்டர் அலுவலகத்தில் ரூ.10,000 அபராதம், நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு வசதி. யார், என்ன, எப்போதுக்குள் என மூன்றும் தெளிவாக இருந்தன. செயல்படும் தலைமைக்கு இதுதான் அடையாளம்.

அப்புறம் ஏன் முடியவில்லை?

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 2001-ல் ஆணையம் 29,000-க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் ரூ.26.82 கோடி இழப்பீடு நிர்ணயித்தது. ஆனால் 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தனர். 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு பற்றித் தீர்ப்பு சொல்ல வேண்டிவந்தது. பாக்கி இழப்பீட்டை அரசே முதலில் கொடுத்து, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கச் சொன்னது. கண்காணிக்கக் குழுவும் அமைக்கச் சொன்னது.

நமக்கு என்ன பாடம்?

முடிவெடுப்பது பாதி வேலைதான். கெடு முடிந்த மறுநாள் போய், "ஆச்சா?" என்று கேட்பது மீதிப் பாதி. அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லாவிட்டால், நல்ல உத்தரவும் ஃபைலோடு தூங்கிவிடும். நிலத்தை இழந்த விவசாயிக்கு அது ஒரு தலைமுறைக் காத்திருப்பு.