உயில் மட்டும் இருந்தா ஃபேக்டரி ஓடுமா?

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அதைத் தொடர்ந்து சிவகாசியில் வளர்ந்த தீப்பெட்டி, பட்டாசு ஆலைகள் பல இன்று பேரன், பேத்தி கைக்கு வருகின்றன. அப்பா உயில் எழுதிட்டா எல்லாம் தானா வந்துடும்னு நினைக்கிறோம். அப்படி இல்லை.

நிலம், கட்டடத்தை உயிலில் எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கட்டாயம். ஆனா தன் பங்கை மட்டும்தான் எழுத முடியும். இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பார்ட்னர்ஷிப் வேற கதை. 1932 சட்டப்படி, டீடில் மாற்றி எழுதாவிட்டால் ஒரு பார்ட்னர் இறந்ததும் நிறுவனமே கலைந்துவிடும்.

வெடிபொருள் லைசென்ஸ் சொத்தே இல்லை. ஒருவர் பெயருக்குத் தந்த அனுமதி. 2008 விதிகள்படி, அவர் இறந்தால் தொழிலை நடத்துபவர் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கணும். அதற்குத் தேவையான நியாயமான அவகாசம் மட்டுமே கிடைக்கும்.

வரி? எஸ்டேட் டியூட்டி 1985-லேயே போயிடுச்சு. உயிலில் வந்த சொத்துக்கு வருமான வரி கிடையாது. பின்னாடி விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு.

லைசென்ஸ் தாமதமானால் முதலாளி வீட்டோடு நிற்காது. ஷெட்டில் வேலை பார்ப்பவர்களின் கூலியும் நிற்கும். தீபாவளி சீசன் முடிஞ்சதும் உயில், டீட், லைசென்ஸ் மூன்றையும் ஒண்ணா எடுத்து வச்சு வீட்டில் பேசுங்க.