லூக்கா நற்செய்தியில் வறியோரும் செல்வரும்: ஒரு சமூகவியல் நோக்கு

நான்கு நற்செய்தி நூல்களுள் வறுமையையும் செல்வத்தையும் மிகுதியாகப் பேசுவது லூக்கா நற்செய்தியே என்பதில் ஆய்வாளரிடையே பெரிதும் கருத்து வேறுபாடில்லை. அப்பேச்சின் பொருள் யாது என்பதிலேயே வேறுபாடு தோன்றுகின்றது. கிறித்தவத்தின் தோற்றம் பற்றி 1908இல் வெளியான தமது நூலிலே கார்ல் காட்ஸ்கி, ஆதிக் கிறித்தவ சமூகங்களின் வர்க்கப் பகைமை இந்நற்செய்தியிலேதான் மிகக் கூர்மையாக வெளிப்படுகின்றது என வாதிட்டார். செல்வரை ஈகைக்கு அழைக்கும் பிரசங்கங்களுக்கு வேண்டிய உதாரணங்களும் இதே நூலிலிருந்துதான் நூற்றாண்டுகளாக எடுக்கப்பட்டு வந்துள்ளன. ஒன்று சரி, மற்றது பிழை எனத் தீர்ப்பளிப்பதிலும் பார்க்க, இவ்விரு வாசிப்புகளுக்கும் ஒரே நூல் எவ்வாறு இடமளிக்க நேர்ந்தது என வினாவுவதே பயன்தருமென நாம் கருதுகின்றோம்.

கி.பி. 70இல் எருசலேம் உரோமப் படைகளால் அழிக்கப்பட்ட பின்னர், ஏறத்தாழ 80க்கும் 90க்கும் இடையில் இந்நூல் எழுந்தது என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிபு. மாற்கு நற்செய்தியும், மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் பொதுவான போதனைத் தொகுப்பொன்றும் இதற்கு மூலங்களாயின என்பது பரவலாக ஏற்கப்படும் கருதுகோள். இவற்றோடு வேறெங்கும் காணப்படாத கதைகள் பலவற்றையும் ஆசிரியர் சேர்த்துள்ளார். கிரேக்க வரலாற்றாசிரியரின் பாணியில், நீண்ட ஒரே வாக்கியமாக அமைந்த முகவுரை, தெயோப்பிலு என்பவரை உயர் மரியாதைக்குரிய அடைமொழியொன்றால் விளிக்கின்றது. அதே ஆசிரியர் தமது இரண்டாம் நூலாகிய அப்போஸ்தலர் பணிகளில் அவ்வடைமொழியை உரோம ஆளுநர்களான பேலிக்சுக்கும் பெஸ்துவுக்கும் வழங்குவது மனங்கொள்ளத்தக்கது. கல்வியும் அந்தஸ்தும் உடைய ஒருவரை முன்னிலைப்படுத்தியே நூல் தொடங்குகின்றது.

முகவுரையைக் கடந்ததும் மொழிநடையும் உலகமும் ஒருங்கே மாறுகின்றன. மரியாளின் வாயில் வைக்கப்பட்ட பாடல் ஆட்சியாளரின் வீழ்ச்சியையும் எளியோரின் உயர்வையும், பசித்தோர் நிறைவடைவதையும் செல்வர் வெறுங்கையராவதையும் போற்றுகின்றது. மேலிருப்போர் மேலேயே இருக்கக் கீழிருப்போருக்குச் சிறிது கிடைப்பதை அது பாடவில்லை. இரு நிலைகளும் தலைகீழாவதையே பாடுகின்றது. மத்தேயுவின் கதையிற் குழந்தையைக் காணவருவோர் பொன் கொணரும் ஞானிகள்; லூக்காவிலோ இரவில் மந்தை காக்கும் இடையர். குழந்தைக்காகப் பெற்றோர் செலுத்துவதும் ஆட்டுக்குட்டி வாங்க வசதியற்றோருக்கு விதிக்கப்பட்ட பறவைக் காணிக்கையே.

நாசரேத்துத் தொழுகைக்கூடக் காட்சி இதனை மேலும் துலக்குகின்றது. இயேசு அங்கே ஏசாயாவின் ஏட்டை வாசிக்கிறார். வறியோருக்கு நற்செய்தி, சிறைப்பட்டோருக்கு விடுதலை என்பன அதன் பொருள். அங்கு குறிப்பிடப்படும் ஆண்டினை லேவியராகமத்தின் யூபிலி ஆண்டோடு இணைத்துக் காண்போர் பலர். கைமாறிய நிலம் ஐம்பதாம் ஆண்டில் உரிய குடும்பத்திடம் மீளவேண்டுமென்பது அவ்விதி. கடன் அக்காலப் பலஸ்தீனத்தில் வெறும் உவமையன்று. கி.பி. 66இல் கிளர்ச்சியாளர் எருசலேமின் ஆவணக் களஞ்சியத்துக்குத் தீயிட்டதையும், கடன்பத்திரங்களை அழித்து வறியோரைத் தம் பக்கம் ஈர்ப்பதே அதன் நோக்கமென்பதையும் யோசீபஸ் பதிவுசெய்துள்ளார். கிளர்ச்சியாளரிடம் சற்றும் அனுதாபமற்றவர் தரும் சான்று என்பதால் இதன் பெறுமதி அதிகம். லூக்கா மட்டுமே தரும் கதையொன்றில், பதவி பறிபோகவுள்ள காரியக்காரன் ஒருவன் நூறு குடம் எண்ணெய்க் கடனை ஐம்பதாகவும், நூறு மரக்கால் கோதுமைக் கடனை எண்பதாகவும் எழுதுவிக்கின்றான். எசமானனோ அவனைப் பாராட்டுகின்றான்! உரையாசிரியர்களை இத்துணை இடர்ப்படுத்திய கதை இந்நூலில் வேறில்லை.

மத்தேயு 'ஆவியில் எளியோர்' எனக் கூறுமிடத்தில் லூக்கா வறியோரை அடைமொழியின்றியே வாழ்த்துகின்றார். உடனேயே செல்வருக்குக் கேடும் அறிவிக்கின்றார். லாசருவின் கதை இன்னும் கடுமையானது. வாயிலில் புண்களோடு கிடந்த வறியவன் இறந்தபின் ஆறுதல் பெற, ஊதா உடுத்து உண்டு களித்தவன் வேதனைக்குள்ளாகின்றான். அவன் திருடியதாகவோ கொன்றதாகவோ கதை கூறவில்லை. பிரசங்கிகள் பலர் அவனுக்குக் குற்றங்களைத் தாமாகவே கற்பித்துள்ளனர். ஆசிரியர் அந்த உதவியைச் செய்யவில்லை.

ஆயினும் நூலில் மற்றொரு குரலும் ஒலிக்கின்றது. பதினெட்டாம் அதிகாரத்தில் செல்வமிக்க தலைவனொருவன் அனைத்தையும் விற்கும்படி பணிக்கப்படுகின்றான். அடுத்த அதிகாரத்திலேயே எரிகோவின் தலைமை வரிதண்டுவோனாகிய சக்கேயு, உடைமையிற் பாதியை வறியோருக்குத் தருவதாகவும் வஞ்சித்துப் பெற்றதை நான்மடங்காகத் திருப்புவதாகவும் கூறியதும் மீட்புப் பெற்றவனாக அறிவிக்கப்படுகின்றான். அனைத்தும் என்பது பாதியாகிவிட்டது. யோவானிடம் அறிவுரை கேட்கும் வரிதண்டுவோரும் படையினரும் தத்தம் தொழிலை விடும்படி கேட்கப்படவில்லை. மிகையாக அறவிடாதிருக்கவும் மிரட்டிப் பறிக்காதிருக்கவுமே பணிக்கப்படுகின்றனர். உரோம ஆட்சி குறித்தும் இதே நிதானம் காணப்படுகின்றது: இயேசு குற்றமற்றவரெனப் பிலாத்து மும்முறை கூறுகின்றான்.

இம்மாற்றத்தைத் தனியொருவரின் சமரசமாகக் காண்பது போதாது. பண்டைய கிரேக்க உலகின் வர்க்கப் போராட்டம் பற்றிய தமது 1981ஆம் ஆண்டு நூலிலே டி ஸ்ட் குறோய், கிராமப்புறத்திற் பிறந்த இயக்கமொன்று கிரேக்க நகர உலகுக்குப் பெயர்ந்ததையே ஆதிக் கிறித்தவத்தின் அடிப்படைத் திருப்பமாகக் கண்டார். கலிலேயாவின் உழவரும் மீனவரும் கூலியாட்களும் பேசிய மொழி, வீடும் வருமானமும் உடையோர் புரவலராக இருந்த நகரச் சபைகளில் வாசிக்கப்படலாயிற்று. உடைமையைத் துறக்க இயலாதவன் செய்யத்தக்கது யாது என்ற வினா அங்கேதான் எழும். சக்கேயு அதற்குரிய விடை. மத்தேயுவைத் திருத்தல்வாதியெனச் சாடிய காட்ஸ்கி, லூக்காவினுள்ளேயே நிகழும் இத்திருத்தத்தை உரியவாறு கவனிக்கவில்லை என்பதே எமது கருத்து.

ஆனால் திருத்தம் பழைய குரலை அழித்துவிடவில்லை. ஈகையை வேண்டும் ஆசிரியரே தலைகீழாக்கத்தைப் பாடும் பாடலையும் பேணியுள்ளார். எழுத்தறிவும் ஏடும் அரிதாயிருந்த உலகில், வறியோரின் எதிர்பார்ப்பு வசதியுள்ளோரின் ஆதரவில் எழுந்த நூலின் வழியாகவே எம்மை வந்தடைகின்றது. அது அங்கே அடங்கிக் கிடக்கவுமில்லை. நிக்கராகுவாவின் சொலெந்தினாமே தீவுகளில் விவசாயிகளும் மீனவரும் நற்செய்திப் பகுதிகளை விவாதித்ததை ஏர்னெஸ்தோ கார்தினால் 1975 முதல் நூலாக வெளியிட்டார். சொமோசாவின் ஆட்சியின் கீழிருந்த அவர்கள் மரியாளின் பாடலுக்குப் பொருள்காண உரையாசிரியர் எவரையும் தேடவில்லை.

இறுதியாக ஒரு சொல்லைக் குறிப்பிடலாம். புறவினத்தாரின் அரசர் தம் மக்களை அடக்கியாளுகின்றனர், உங்களிடையே அவ்வாறிருத்தலாகாது என்ற போதனை மாற்குவிலும் உண்டு. அதனை எடுத்தாளும் லூக்கா, அவ்வாறு அதிகாரம் செலுத்துவோர் 'நன்மை செய்வோர்' என அழைக்கப்படுகின்றனர் என்பதைச் சேர்த்துள்ளார். அது மூன்றாம் தொலெமி முதலிய எலெனிய மன்னர் தரித்த பட்டம்; கொடைகளால் நகரங்களைத் தமக்குக் கடமைப்படுத்திய செல்வருக்குக் கல்வெட்டுகள் வழங்கிய புகழ்மொழி. கொடை என்ற பெயரில் அதிகாரம் இயங்குவதை இத்துணை வெளிப்படையாகக் காட்டும் அவ்வாசகம், தெயோப்பிலுவை விளித்துத் தொடங்கும் நூலிலேதான் இடம்பெற்றுள்ளது.