அடையாளம் தெரியாத சடலம்

சிற்றூர் ஒன்றில் பகுதிநேரச் செய்தியாளனாக இருந்த காலத்தில் நான் அதிகம் எழுதிய செய்தி அரசியல் கூட்டம் பற்றியதோ கோயில் திருவிழா பற்றியதோ அல்ல. 'சுமார் 40 வயது மதிக்கத்தக்க அடையாளம் தெரியாத ஆண் சடலம்' என்று தொடங்கும் நான்கு வரிச் செய்திதான் அது. கண்மாய்க் கரை, தண்டவாளம், பேருந்து நிலையத்தின் பின்புறம் என்று இடம் மட்டும் மாறும். 'போலீஸார் விசாரித்து வருகின்றனர்' என்று முடியும். அவற்றில் ஒன்றுக்காவது 'அடையாளம் தெரிந்தது' என்று இரண்டாவது செய்தி எழுதியதாக நினைவில்லை. நானும் போய்க் கேட்டதில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கொலை வழக்கில் 'கொன்றது யார்' என்பதற்கு முந்தைய கேள்வி, 'இறந்தது யார்' என்பதே. அது தெரியாதவரை, கடைசியாக யாருடன் காணப்பட்டார், எவருடன் பகை, வீட்டில் என்ன தகராறு என்ற வழக்கமான விசாரணை எதையும் தொடங்க இயலாது. 1952 ஆகஸ்ட் இறுதியில், சென்னையிலிருந்து புறப்பட்ட போட் மெயிலில் துர்நாற்றம் வீசிய டிரங்குப் பெட்டி ஒன்று மானாமதுரையில் திறக்கப்பட்டது. உள்ளே தலையற்ற ஆண் உடல். இருந்தும், அவர் சென்னை வணிகர் ஆளவந்தார் என்பது விரைவிலேயே உறுதியானது. ராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்ததும், பழைய ராணுவப் பதிவில் கைரேகை இருந்ததும் உதவின. ஆனால் அடிப்படையான காரணம் வேறு. கணவர் வீடு திரும்பவில்லை என்று சென்னையில் ஒரு மனைவி தேடிக்கொண்டிருந்தார். உடல் ஒருபுறமும் தேடுபவர் மறுபுறமும் இருந்தமையால், இரண்டையும் இணைப்பதே காவல் துறையின் வேலையாயிற்று.

தேடுபவரே இல்லையெனில் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஆலன்ஸ்டவுன் என்பது ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அதையொட்டிய பேர் புரூக் வனப் பூங்கா அருகே, 1985 நவம்பரில் வேட்டைக்குச் சென்ற ஒருவர் ஓர் இரும்பு உருளையைக் கண்டார். அதனுள் இளம்பெண் ஒருவரும் ஒரு சிறுமியும் பிணமாகக் கிடந்தனர். தலையில் தாக்கப்பட்டு இறந்தவர்கள். நாடு முழுவதும் காணாமல் போனோர் பட்டியல்களில் தேடியும் எவருடனும் பொருந்தவில்லை. பெயரில்லாமலே இருவரையும் அந்த ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

வழக்கை மீண்டும் கையிலெடுத்த அதிகாரி 2000 மே மாதம் அதே இடத்தைச் சுற்றிப் பார்த்தபோது, ஏறத்தாழ நூறு கெஜத் தொலைவில் இன்னோர் உருளையைக் கண்டார். அதில் மேலும் இரு சிறுமியர். பதினைந்து ஆண்டுகளாக நூறு கெஜத்தில் இருந்ததை எவரும் பார்க்கவில்லை! மரபணுச் சோதனை புதிய புதிர் ஒன்றைத் தந்தது. சிறுமியருள் இருவர் அப்பெண்ணின் மகள்கள். நடுவயதுச் சிறுமிக்கோ அவருடன் இரத்த உறவே இல்லை.

முடிச்சு அவிழ்ந்தது ஆலன்ஸ்டவுனில் அன்று. 1986-இல் கலிஃபோர்னியாவில் ஒருவன், தன் மகள் என்று சொல்லிக்கொண்ட ஐந்து வயதுச் சிறுமியைக் கைவிட்டு ஓடினான். வளர்ந்தபின் அவர் தாம் யாரென்று அறிய விரும்பினார். காவல் துறையினருடன் இணைந்து அதற்கு விடை கண்டவர் மரபுவழி ஆய்வாளர் பார்பரா ரே-வென்ட்டர்.

அந்த முறை எளிய கணக்கில் அமைந்தது. பெற்றோருடன் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுடன் நாம் மரபணுவில் சுமார் எட்டில் ஒரு பங்கைப் பகிர்கிறோம்; அடுத்த தலைமுறை உறவில் அது ஏறத்தாழ மூன்று விழுக்காடாகக் குறையும். தம் மரபணு விவரங்களைத் தாமாகவே இணையத்தில் பதிந்துள்ள பல லட்சம் பேருள் அத்தகைய தூரத்து உறவினர் சிலர் அகப்பட்டால் போதும். அவர்களுக்குப் பொதுவான பூட்டன், பூட்டியைக் கண்டறிந்து, பிறகு அவர்தம் வாரிசுகளின் வழியே கீழிறங்கி வர வேண்டும். நம் ஊரில் பெண் பார்க்கும்போது பெரியவர்கள் உட்கார்ந்து கொடிவழி பேசுவதன் அறிவியல் வடிவம் என்றே சொல்லலாம்.

அப்பெண்ணின் தாய் 1981-இல் நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகரிலிருந்து, ஓர் ஆணுடன் சென்று மறைந்தவர். தாமாகவே வேறிடம் போயிருப்பார் என எண்ணிக் குடும்பத்தார் புகார் அளித்திருக்கவில்லை. அந்த ஆணின் மரபணுவை ஆலன்ஸ்டவுன் உடல்களுடன் ஒப்பிட்டபோது, உறவில்லாத அந்தச் சிறுமிக்கு அவனே தந்தை எனத் தெரிந்தது. பல பெயர்களில் மாநிலம் மாநிலமாகத் திரிந்த அவனது உண்மைப் பெயர் டெர்ரி ராஸ்முசன். குழந்தையைக் கைவிட்டதற்காகச் சிறை சென்று, 1990-இல் பரோலில் தலைமறைவானவன். 2002-இல் கலிஃபோர்னியாவில் தன்னுடன் வாழ்ந்த இன்னொரு பெண்ணைக் கொன்றான். 2010-இல் சிறையில் இறந்தான். ஆலன்ஸ்டவுன் பெண்ணின் பெயர் 1985-இலேயே தெரிந்திருந்தால், விசாரணை அப்போதே அவனை நோக்கி நகர்ந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

பெயர்கள் 2019 ஜூனில் வெளிவந்தன: மார்லிஸ் ஹனிசர்ச், அவர் மகள்கள் மேரி வான், சாரா மெக்வாட்டர்ஸ். 1978-இல் கலிஃபோர்னியாவில் தாயுடன் சச்சரவிட்டு வெளியேறியவர் மார்லிஸ். இரு திசைகளிலிருந்து ஒரே விடைக்கு வந்தார்கள். ஒருபுறம், வேரற்ற முடியிலிருந்தும் சிதைந்த மரபணுவைப் படிக்கும் முறையை விஞ்ஞானி எட் கிரீன் உருவாக்கியிருந்தார். மறுபுறம், நூலகர் ஒருவர் ஓய்வு நேரத்தில் வம்சாவளி இணையதளங்களைத் துழாவி, சாராவைத் தேடி உறவினர் எழுதியிருந்த பழைய குறிப்புகளைக் கண்டெடுத்தார். ஆக, தேடியவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் தேடியது காவல் துறையின் கண்ணில் படும் இடத்தில் இல்லை. நான்காவது சிறுமி ரியா ராஸ்முசன் என்பது உறுதியாக 2025 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவளுடைய தாயும் 1970-களிலிருந்தே காணவில்லை.

இந்தியாவில் அடையாளம் தெரியாத உடல்களின் மரபணுவைப் பதிவு செய்து, காணாமல் போனோரின் குடும்பத்தாருடன் ஒப்பிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே நடந்தது. சட்டம் கொண்டுவருவதாக 2018-இல் மத்திய அரசு கூறியது. 2019-இல் மக்களவையில் அறிமுகமான மரபணுத் தொழில்நுட்ப மசோதா, 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. குற்றவாளி அல்லாதோரின் மரபணுவும் அரசின் கையில் சேர்ந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதை நான் ஒதுக்கவில்லை. ஆயினும், இறந்தவரின் மாதிரியையும் தாமாக முன்வரும் உறவினரின் மாதிரியையும் மட்டும் வைத்துக்கொள்ளும் குறுகிய சட்டத்திற்கு அந்த அச்சம் தடையாக இருக்க வேண்டியதில்லை.

நான் செய்தி எழுதிய நாள்களில், உதவி ஆய்வாளர் ஒருவர் சடலத்தின் சட்டைக் காலரைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார். தையற்கடையின் பெயரும் ஊரும் அதில் இருக்கும். இப்போது பெரும்பாலோர் அணிவது ஆயத்த ஆடை. காலரில் அளவு மட்டுமே அச்சிடப்பட்டிருக்கிறது.