குரல் கேட்பதும் நினைவு தப்புவதும் ஒரே நோயா?

"மகன் தனியாகப் பேசுகிறான், யாரோ திட்டுவதாகச் சொல்கிறான்" என்று சில பெற்றோர் எங்களிடம் வருகிறார்கள். "மருமகள் திடீரென வேறு ஆளாகப் பேசினாள், பிறகு கேட்டால் நினைவே இல்லை என்கிறாள்" என்று வேறு சிலர். இரண்டையும் ஜின் கோளாறு என்கிறோம். இல்லையென்றால் சினிமாவில் பார்த்த 'ஸ்பிளிட் பர்சனாலிட்டி' என்கிறோம். இவை இரு வேறு நோய்களாக இருக்கலாம்.

முதலாவது, ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயாக இருக்கலாம். 1908-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர் இந்தப் பெயரைச் சூட்டினார். 'பிளவுபட்ட மனம்' என்பது இதன் பொருள். குழப்பம் இங்கேதான் தொடங்கியது. சிந்தனையும் உணர்வும் ஒன்றோடொன்று இணையாமல் போவதையே அவர் சொன்னார். ஒருவருக்குள் இரண்டு ஆள் இருப்பதை அல்ல. இந்நோயில் இல்லாத குரல் கேட்கும், ஆதாரமற்ற சந்தேகம் அசையாமல் நிற்கும், பேச்சு கோர்வையிழக்கும். பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்கும்.

இரண்டாவது 'டிசோசியேட்டிவ்' கோளாறாக இருக்கலாம். சிறுவயதுக் கொடுமை, தாங்க முடியாத அதிர்ச்சி, வெளியே சொல்லாத துயரம் ஆகியவற்றால் மனம் தன் நினைவையும் 'நான்' என்ற உணர்வையும் துண்டித்துக்கொள்கிறது. இது நடிப்பல்ல.

குரல் இரண்டிலும் கேட்கலாம். அதனால் மருத்துவர்களே நிதானமாக விசாரித்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆனால் சிகிச்சை வேறு. மனச்சிதைவுக்கு மாத்திரையே அடிப்படை. குணம் தெரிந்ததும் நாமாக நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். டிசோசியேட்டிவ் கோளாறுக்கென்று தனி மாத்திரை இல்லை. பயிற்சி பெற்றவரின் பேச்சுச் சிகிச்சையும் பாதுகாப்பான வீடுமே முக்கியம். பெயர் மாறினால் ஒருவருக்குத் தேவையான மருந்து கிடைக்காது. இன்னொருவர் தேவையற்ற மருந்தை ஆண்டுக்கணக்கில் விழுங்குவார்.

எனவே எப்போது தொடங்கியது, குரல் கேட்கிறதா, நினைவு தப்புகிறதா, வலிப்பு உண்டா என்று குறித்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். நோயாளி அவரிடம் தனியாகப் பேச இடம் கொடுங்கள். வீட்டார் முன் சொல்ல முடியாத ஒன்று இருக்கலாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் தமிழில் பேசலாம்.

துஆ செய்வோம், ஓதியும் பார்ப்போம். மருத்துவத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல.